கண்ணீரை எழுதினீர்கள், காரணத்தை எழுதவில்லை: விளையாட்டுப் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் விளையாட்டுப் பிரிவைப் பொறுப்பில் வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கு,

2024 ஆகஸ்ட் 4 ஞாயிறு முதல் 10 சனி வரையிலான ஏழு நாள் செய்திகளைப் பற்றியது இந்த மடல். பாரிஸ் ஒலிம்பிக்கின் இரண்டாவது வாரம். ஹாக்கியில் பத்துப் பேரோடு ஆடிய காலிறுதி, அரையிறுதித் தோல்வி, வெண்கலம். மல்யுத்தத்தில் ஒரு தகுதிநீக்கமும் ஒரு வெண்கலமும். ஈட்டியில் வெள்ளி. பளு தூக்குதலில் ஒரு கிலோவில் நழுவிய பதக்கம். பாட்மின்டனில் நான்காம் இடம். நடுவே கொழும்பில் இந்திய கிரிக்கெட் அணி தொடரை இழந்தது. சேப்பாக்கத்தில் அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் டிராகன்ஸ் முதன்முறையாக டிஎன்பிஎல் கிரிக்கெட் கோப்பையைத் தூக்கியது.

இவ்வளவும் நடந்த வாரத்தில் வாசகர்களுக்கு நீங்கள் பரிமாறியது பெரும்பாலும் மூன்றே பதார்த்தம்: கண்ணீர், சதி, சாபக்கேடு. ஏன் அப்படி நடந்தது, எந்த விதி, எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம், அதற்கு முன்னால் அவருடைய சிறந்த அளவு என்ன என்று தேடினால் வேறு மொழிக்குத்தான் போக வேண்டியிருந்தது. அந்த வசதி இல்லாத வாசகர் வாட்ஸ்அப்புக்குப் போனார். அங்கே என்ன கிடைத்தது என்பது உங்களுக்கே தெரியும்.

அச்சுக்குப் போகும் நேரம் என்ற உங்கள் நெருக்கடி புரியாமல் இல்லை. ஈட்டி எறிதல் இறுதி நம் நேரப்படி நள்ளிரவை ஒட்டித்தான் தொடங்கியது. மாவட்டப் பதிப்புகளில் அது வராததற்கு யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அடுத்த நாள் முழுதாக இருந்தது. அந்த அடுத்த நாளைப் பற்றித்தான் பேச்சு.

50 கிலோ இறுதியன்று காலை எடை கூடியதால் தகுதிநீக்கம் ஆன மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்திலிருந்து தொடங்குகிறேன், அதிகம் குழம்பியது அங்கேதான். 100 கிராம் என்று எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. அந்த 100 கிராம் எந்தக் கணக்கில் மிச்சமானது என்பதை விளக்க இரண்டு பத்தி போதும்.

ஒலிம்பிக் மல்யுத்தத்தில் ஒரு எடைப்பிரிவு இரண்டு நாள் நடக்கிறது. முதல் நாள் காலையில் எடை பார்ப்பார்கள், அதற்கு 30 நிமிடம். அன்றே அரையிறுதி வரை முடிந்துவிடும். இரண்டாம் நாள் காலையில், இறுதியிலும் வெண்கலச் சுற்றுகளிலும் ஆட இருப்பவர்கள் மட்டும் திரும்ப எடை காட்ட வேண்டும், அதற்கு 15 நிமிடம். அந்த நேரத்துக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் தராசில் ஏறலாம். நேரம் முடிந்தால் முடிந்ததுதான். உடுப்போடு நிற்க வேண்டும், உடுப்பின் எடைக்குக் கழிவு கிடையாது. சில சர்வதேசப் போட்டிகளில் இரண்டு கிலோ வரை சலுகை உண்டு. ஒலிம்பிக்கிலும் உலக சாம்பியன்ஷிப்பிலும் இல்லை. இரண்டு நாளில் எந்த நாள் கூடினாலும் கடைசி இடம், தரவரிசை இல்லை. இது வினேஷுக்காக அன்று காலை எழுதிய விதி அல்ல. இரண்டு நாள் முறை 2018 முதலே நடப்பில் இருக்கிறது.

ஆகஸ்ட் 6 காலை அவர் எடை 49.9 கிலோ. அன்று மூன்று ஆட்டம். முதல் ஆட்டத்திலேயே டோக்கியோ சாம்பியன், சர்வதேசப் போட்டிகளில் அதுவரை தோற்றே இராத ஜப்பானின் யுய் சுசாகியை 3-2 என்று சாய்த்தார். அடுத்து உக்ரைனின் லிவாச் 7-5, கியூபாவின் குஸ்மான் 5-0. ஆட்டங்கள் முடிந்தபோது எடை 52.7. எடை குறைக்கும் வீரர்கள் கடைசி நாளில் உடம்பிலிருந்து இறக்குவது பெரும்பாலும் கொழுப்பை அல்ல, தண்ணீரை. தராசை விட்டு இறங்கியதும் அந்தத் தண்ணீரையும் கொஞ்சம் சாப்பாட்டையும் உள்ளே அனுப்பாவிட்டால் ஆறு ஆறு நிமிடமாக மூன்று ஆட்டம் ஆட முடியாது. அப்படி ஏற்றினால் ஒன்றரை கிலோ வரை கூடும், அதை இரவில் இறக்கிவிடலாம் என்பது இந்திய மருத்துவக் குழு சொன்ன கணக்கு. கூடியது 2.8. இரவு முழுக்க ஓட்டம், நீராவி அறை, தண்ணீர் இல்லை. ஒரு கட்டத்தில் உடம்பு வியர்ப்பதையே நிறுத்திவிடும். அதற்குப் பிறகு நீராவி அறையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் முள் நகராது. கடைசி நூறு கிராமுக்காக முடியை வெட்டியதும் உடுப்பைச் சுருக்கியதும் அதனால்தான். காலையில் தராசு காட்டியது 50.1.

இதில் சதி எங்கே வருகிறது? ஒரு விவாத நிகழ்ச்சியில் நான்கு பேர் ஒரு மணி நேரம் அதைத் தேடினார்கள். தேட வேண்டிய இடம் பாரிஸே இல்லை. வினேஷ் அதற்கு முன் ஆடிவந்தது 53 கிலோவில். அந்தப் பிரிவின் ஒலிம்பிக் இடத்தை 2023 உலகப் போட்டியில் வெண்கலம் வென்ற அன்டிம் பங்கால் பெற்றுக்கொடுத்திருந்தார். பெண்களுக்கு ஒலிம்பிக்கில் ஆறே எடைப்பிரிவுதான்: 50, 53, 57, 62, 68, 76. இடையில் 55 என்ற பிரிவு உலகப் போட்டியில் உண்டு, ஒலிம்பிக்கில் இல்லை. ஆக 53ஐ விட்டால் கீழே 50, மேலே 57. கீழே இறங்கினார். முப்பதை நெருங்கும் வயதில், முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எடுத்த அந்த முடிவைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

இன்னொன்று. "காயம் என்று சொல்லிவிட்டு எடை பார்க்கப் போகாமல் இருந்திருந்தால் வெள்ளி கிடைத்திருக்கும்" என்ற யோசனை ஊரெல்லாம் சுற்றியது, உங்கள் திரையிலும் வந்தது. விதி அப்படிச் சொல்லவில்லை. முதல் நாள் ஆட்டத்தின்போது காயம் பட்டவருக்குத்தான் இரண்டாம் நாள் எடையிலிருந்து விலக்கு. ஆட்டம் முடிந்த பிறகு ஏற்பட்டதாகச் சொல்லும் காயம் செல்லாது, தராசுக்கு வராவிட்டால் அப்போதும் கடைசி இடம்தான். ஒரு மல்யுத்தப் பயிற்சியாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். 14ஆம் தேதி விளையாட்டுத் தீர்ப்பாயம் அவர் மனுவைத் தள்ளியபோது மீண்டும் அநியாயம் என்ற தலைப்பு. விதி கடுமையானது, மாற்ற வேண்டியது என்று வாதாட நல்ல காரணங்கள் இருக்கின்றன. முதல் நாள் சரியான எடையில் நின்று வென்ற மூன்று ஆட்டமும் இரண்டாம் நாள் எடையால் செல்லாமல் போவது எனக்கும் சரியாகப் படவில்லை. ஆனால் அந்த வாதத்தை வைக்கவும் முதலில் விதியைச் சொல்ல வேண்டும்.

இதே வாரத்தில், அதே அரங்கத்தில், இன்னொரு இந்தியர் இதே இக்கட்டில் இருந்தார். ஆகஸ்ட் 8 மாலை அரையிறுதியில் தோற்றபோது அமன் ஷெராவத்தின் எடை 61.5 கிலோ, அவர் பிரிவு 57. பத்து மணி நேரத்தில் 4.5 கிலோவாவது இறக்க வேண்டும். பயிற்சியாளர்கள் அவரோடு ஒன்றரை மணி நேரம் பாயில் மல்லுக்கட்டினார்கள். பிறகு ஒரு மணி நேரம் வெந்நீர்க் குளியல். நள்ளிரவு தாண்டி டிரெட்மில்லில் ஒரு மணி நேரம். ஐந்து ஐந்து நிமிடமாக நீராவி அறை, உடம்பைத் தேய்த்துவிடுதல், மறுபடி ஓட்டம். வெந்நீரில் எலுமிச்சையும் தேனும், கொஞ்சம் காபி. அதிகாலை நாலரைக்கு 56.9. அன்று 13-5 என்று வென்று வெண்கலம், தனிநபர் போட்டிகளில் இந்தியாவின் மிக இளைய ஒலிம்பிக் பதக்கக்காரர் ஆனார். இரண்டு பேருக்கும் இரண்டாம் நாள் ஒன்று, விதி ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரை எழுத உங்களில் எத்தனை பேருக்குத் தோன்றியது? வினேஷ் முதல் பக்கத்தில் அழுதார், அமன் உள்பக்கத்தில் சிரித்தார். இரண்டு செய்தியும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

அடுத்தது ஹாக்கி. ஆகஸ்ட் 4, பிரிட்டனுக்கு எதிரான காலிறுதி. 17ஆவது நிமிடத்தில் இந்தியத் தடுப்பாளர் அமித் ரோஹிதாஸின் மட்டை எதிராளியின் முகத்தில் பட, சிவப்பு அட்டை. பச்சை அட்டைக்கு இரண்டு நிமிடம், மஞ்சளுக்கு ஐந்து அல்லது அதற்கு மேல், சிவப்புக்குத் திரும்பி வரவே முடியாது, பதிலாளும் கிடையாது. 60 நிமிட ஆட்டத்தில் 43 நிமிடம் பத்துப் பேர். ஹர்மன்பிரீத் ஒன்று போட, பிரிட்டன் ஒன்று போட, 1-1. ஷூட்-அவுட்டில் இந்தியாவுக்கு 4-2. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷைக் கொண்டாடினீர்கள், கொண்டாடத்தான் வேண்டும்.

கொண்டாட்டத்துக்குப் பின்னால் மறைந்துபோன செய்தி, ரோஹிதாஸுக்கு ஒரு ஆட்டத் தடை. ஹாக்கி இந்தியாவின் முறையீடு தள்ளுபடி. 16 பேர் கொண்ட அணியில் 15 பேரோடு ஜெர்மனியைச் சந்திக்க வேண்டிய நிலை. சும்மா ஒரு ஆள் குறைந்ததாகத்தான் உங்கள் முன்னோட்டங்கள் எழுதின. ஹாக்கியில் எவ்வளவு தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், நிமிடத்துக்கு நிமிடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வெளியே உட்காரும் ஐந்து பேரில் ஒருவர் போனால் தடுப்பாளர்கள் மூச்சு வாங்கும் இடைவெளி அந்த அளவுக்குச் சுருங்கும். அதைவிட முக்கியம், ரோஹிதாஸ் பெனால்டி கார்னர் தடுப்பில் முதலில் பாய்ந்து ஓடுபவர்.

பெனால்டி கார்னரில் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளிப் பந்தைத் தள்ளிவிடுவார்கள். வட்டத்துக்கு வெளியே போய் நின்ற பந்தை உள்ளே இழுத்து டிராக் ஃபிளிக் செய்பவரை நோக்கி, கோலிலிருந்து நேராக, முகக்கவசமும் முழங்கால் காப்பும் கட்டிக்கொண்டு ஒருவர் ஓடுவார். ஃபிளிக் கிளம்பும் திசையை உடம்பாலேயே அடைக்க வேண்டும். அவர் ஒரு பக்கத்தை அடைத்தால்தான் கோல்கீப்பர் மறுபக்கத்தைப் பார்க்க முடியும். பந்து தொடையில் படும், விலாவில் படும். அந்த வேலைக்குத் துணிச்சல் மட்டும் போதாது. எப்போது காலை எடுத்து வைப்பது என்பது வருடக்கணக்கில் பழகி வருவது. 6ஆம் தேதி ஜெர்மனி போட்ட முதல் கோல், 18ஆவது நிமிடத்தில் பெய்லாட் அடித்தது, பெனால்டி கார்னர். ரோஹிதாஸ் இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று நான் சத்தியம் செய்யவில்லை. 2-3 தோல்விக்கு அடுத்த நாள் "பதக்கக் கனவு தகர்ந்தது" என்று எழுதிய பக்கத்தில் இந்த ஒரு விஷயத்துக்கு இடமில்லாமல் போனதைத்தான் சொல்கிறேன்.

நடுவர் தரம் பற்றி ஹாக்கி இந்தியா முறைப்படி கொடுத்த புகாரில் மூன்று குறிப்பான அம்சங்கள் இருந்தன: வீடியோ நடுவரின் முடிவுகள் ஒரே சீராக இல்லை, ஷூட்-அவுட்டின்போது கோலுக்குப் பின்னாலிருந்து பிரிட்டன் கோல்கீப்பருக்கு ஆலோசனை போனது, அவர் டேப்லட் பயன்படுத்தினார். மூன்றும் சரிபார்க்கக்கூடியவை. அதை "நடுவர் சதி" என்ற இரண்டு சொல்லில் அடக்கியது புகாருக்கே செய்த கெடுதல்.

இனி நம் ஊர்க்காரர்கள். தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் நீளம் தாண்டுதலில் 8.42 மீட்டர் தேசிய சாதனைக்காரர். ஆகஸ்ட் 4 தகுதிச் சுற்றில் முதல் இரண்டு தாண்டலும் ஃபவுல், மூன்றாவது 7.61. வெளியேறினார். "ஜெஸ்வின் ஏமாற்றம்" என்று ஒரு வரி. 8.42க்கும் 7.61க்கும் நடுவே 81 சென்டிமீட்டர் எங்கே போனது என்று கேட்க வேண்டாமா?

தகுதிச் சுற்றில் மூன்றே வாய்ப்பு. தாண்டும் பலகை 20 சென்டிமீட்டர் அகலம். அதன் முன்விளிம்பிலிருந்துதான் அளப்பார்கள், கால் எங்கே ஊன்றியது என்பது கணக்கில் வராது. முன்பு பலகையை ஒட்டி வைத்திருக்கும் பிளாஸ்டிசீனில் தடம் விழுந்தால் ஃபவுல். 2021 நவம்பரிலிருந்து, விளிம்புக்கு மேலே ஷூவின் நுனி காற்றில் நீண்டிருந்தாலே ஃபவுல். ஒரு சென்டிமீட்டருக்கும் மன்னிப்பு இல்லை. நாற்பது மீட்டர் ஓடி வருகிறவனைப் பின்னால் அடிக்கும் காற்று கொஞ்சம் தள்ளினாலும் கடைசி அடி முன்னே போய் விழும். இரண்டு ஃபவுல் ஆன பிறகு மூன்றாவதற்கு ஓட்டக் குறியைப் பின்னால் தள்ளி வைப்பார்கள், வேகத்தைக் கொஞ்சம் அடக்குவார்கள், பலகைக்கு முன்னாலேயே கிளம்பினாலும் பரவாயில்லை என்று தாண்டுவார்கள். அங்கே தூரம் போய்விடும். இது திறமைக் குறைவு அல்ல, ஓட்டக் குறியின் பிரச்சினை. மாவட்டப் போட்டிகளில் தாண்டுகிற பள்ளிப் பையன்களுக்கு இந்த ஒரு பத்தி, பத்து "ஏமாற்றம்" செய்தியைவிடப் பயன்படும்.

மூன்று நாள் கழித்து மும்முறை தாண்டுதலில் பிரவீன் சித்திரவேல் 16.25. அவருடைய தேசிய சாதனை 17.37. இதிலும் இரண்டாவது எண்ணைக் காணோம். 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் ராஜேஷ் ரமேஷ் ஓடிய ஆண்கள் அணி 3 நிமிடம் 00.58 நொடி. இதே இந்திய ஆண்கள் அணி 2023 புடாபெஸ்ட்டில் 2:59.05 ஓடி ஆசியச் சாதனை படைத்தது என்பதைச் சேர்த்தால்தான் வாசகருக்கு விஷயம் புரியும். வித்யா ராம்ராஜும் சுபா வெங்கடேசனும் இருந்த பெண்கள் அணி 3:32.51ல் தன் ஹீட்டில் கடைசி. யார் எந்தச் சுற்றை எத்தனை நொடியில் ஓடினார்கள் என்று தமிழில் தேடிக் கிடைக்கவில்லை.

பளு தூக்குதல். ஆகஸ்ட் 7 இரவு, 49 கிலோ பிரிவு. மீராபாய் சானு, ஒரே வீச்சில் தூக்கும் ஸ்நாட்சில் 88, தோளில் ஏற்றிப் பிறகு தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 111, மொத்தம் 199. வெண்கலம் வென்ற தாய்லாந்தின் காம்பாவோ 200. "ஒரு கிலோவில் பதக்கம் போச்சு" என்று எல்லோரும் எழுதினீர்கள். சரி. கடைசி முயற்சியில் அவர் கேட்டது 112 அல்ல, 114. ஏன்? மொத்தம் சமமானால் அந்த மொத்தத்தை முதலில் எட்டியவர்தான் மேலே. ஆகவே 112 தூக்கி 200 ஆக்கினாலும் நான்காம் இடம்தான். 113 தூக்கினால் 201, வெண்கலம். 114 எதற்காக? ஒரு முறை ஏற்றிய எடையை அந்தச் சுற்றில் இறக்க மாட்டார்கள். கம்பியின் எடை ஏற்கெனவே 113ஐத் தாண்டிவிட்டதா, அல்லது பயிற்சியாளர் துணிந்து கேட்டதா? எழுதியவர்கள் இருந்தால் என் கண்ணில் படவில்லை. ரசிகர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்ட கேள்வி இதுதான். பளு தூக்குதலில் எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால், ஒரே ஒரு தடவை. வினேஷ் விவகாரம் வெடித்த அன்றே நடந்த போட்டி. ஒப்பிட்டுக் காட்ட இதைவிடத் தோதான நாள் எது?

ஈட்டியில் நீரஜ் சோப்ராவின் ஆறு எறிதலில் ஐந்து ஃபவுல், செல்லுபடியானது இரண்டாவது எறிதல் ஒன்றுதான்: 89.45. பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 எறிந்து 90.57 என்ற பழைய ஒலிம்பிக் சாதனையைத் தூக்கிச் சாப்பிட்டார், கடைசியில் 91.79 வேறு. இதை "தங்கத்தைக் கோட்டை விட்டார்" என்று எழுதுவது என்ன நியாயம்? டோக்கியோவில் நீரஜுக்குத் தங்கம் தந்தது 87.58. பாரிஸில் எறிந்தது அதைவிட ஏறக்குறைய இரண்டு மீட்டர் கூடுதல், அன்றைய தேதிக்கு அவர் வாழ்நாளின் இரண்டாவது சிறந்த தூரம். நதீம் அதற்கு மேல் எறிந்தார், அவ்வளவுதான். ஐந்து ஃபவுலையும் சொதப்பல் என்று எழுத முடியாது. முன்னங்காலை ஊன்றி 800 கிராம் ஈட்டியை விட்ட பிறகு முழு வேகத்தில் வந்த உடம்பு நிற்க இடம் வேண்டும். கோட்டுக்கு எவ்வளவு கிட்டே ஊன்றுகிறாரோ அவ்வளவு தூரம் மிச்சம், அவ்வளவு ஆபத்தும். தொடை இடுக்கு வலியோடு ஆடுவதாக அவரே சொல்லியிருந்தார். தூரம் போதாது என்று தெரிந்தால் வேண்டுமென்றே கோட்டைத் தாண்டி நடப்பதும் ஈட்டிக்காரர்களின் வழக்கம், சின்ன அளவு பதிவாகாமல் இருக்கட்டும் என்று. எந்த ஃபவுல் எந்த வகை என்று பார்த்துச் சொல்வதுதான் நிருபரின் வேலை.

நூறு மீட்டரில் நோவா லைல்ஸ் 9.784, கிஷேன் தாம்சன் 9.789. தாம்சனின் கால் முதலில் கோட்டைத் தாண்டியிருக்கும் படத்தைப் போட்டு "உண்மையில் வென்றது யார்?" என்று கேட்டார்கள். காலுக்கும் கைக்கும் தலைக்கும் கணக்கில்லை, நெஞ்சுப் பகுதி கோட்டைத் தொடும் நேரம்தான் கணக்கு. ஒரு வரி. பாட்மின்டன் வெண்கல ஆட்டத்தில் லக்‌ஷயா சென் முதல் செட்டை 21-13 என்று வென்று, இரண்டாவதில் 8-3 முன்னிலையிலிருந்து தோற்றதற்கு "மனவலிமை இல்லை" என்ற ஒரே தீர்ப்பு. ஆட்ட நடுவில் அவர் முழங்கையில் இரத்தம் வழிந்து கட்டுப் போட்டார்கள், அதுவும் சேர்ந்துதான் அந்த ஆட்டம்.

கிரிக்கெட்டுக்கு இடப் பஞ்சம் உங்களிடம் எப்போதும் இல்லை, அதிலும் காரணம் இல்லை என்பதுதான் வேடிக்கை. இலங்கையில் மூன்று ஒருநாள் ஆட்டம், ஒன்று டை, இரண்டு தோல்வி. 1997க்குப் பிறகு இலங்கையிடம் இழந்த முதல் இருதரப்பு ஒருநாள் தொடர். விழுந்த 30 இந்திய விக்கெட்டில் 27 சுழலுக்கு. மூன்றிலும் இலங்கையே முதலில் பேட் செய்தது. கொழும்பு பிரேமதாசா ஆடுகளத்தில் பந்து பழசாகப் பழசாக மெதுவாகித் திரும்பும். ரோஹித் மூன்று ஆட்டத்திலும் புதுப் பந்தில் வெளுத்தார்: 58, 64, 35. இரண்டாவது ஆட்டத்தில் விக்கெட் இழப்பின்றி 97. ஹசரங்காவுக்குப் பதிலாக வந்த சுழற்பந்து வீச்சாளர் வாண்டர்சே முதல் ஆறு விக்கெட்டையும் எடுக்க, 147க்கு 6. "பேட்டர்கள் சொதப்பல்" என்று எழுதி முடித்தீர்கள். இலங்கைத் தமிழ் வாசகர்களும் உங்களைப் படிக்கிறார்கள், அவர்கள் அணி எப்படி வென்றது என்று அவர்களுக்காவது சொல்லியிருக்கலாம்.

ஆகவே கேட்பது இவை.

தகுதிநீக்கம், அட்டை, ஃபவுல், மறுபரிசீலனை என்று எந்த முடிவாலாவது ஆட்டம் தீர்ந்தால், அந்த விதியை நான்கு வரியில் அதே செய்திக்குள் சொல்லுங்கள். சர்வதேச அமைப்புகளின் விதிப் புத்தகங்கள் எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மேசையில் ஒருவரிடம் அதைப் படிக்கும் பொறுப்பைக் கொடுங்கள்.

தடகளமோ பளு தூக்குதலோ துப்பாக்கி சுடுதலோ, ஒரு அளவை எழுதினால் பக்கத்தில் இன்னும் மூன்றையும் எழுதுங்கள்: அவருடைய சிறந்த அளவு, தேசிய சாதனை, அடுத்த சுற்றுக்குத் தேவைப்பட்ட அளவு. தாண்டுதலிலும் குறுந்தூர ஓட்டத்திலும் காற்றின் வேகமும். நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் பின்காற்று இருந்தால் சாதனையாக ஏற்க மாட்டார்கள் என்பது நம் மாவட்டப் போட்டிச் செய்திகளை எழுதுகிறவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து ஒலிம்பிக்குக்கோ ஆசியப் போட்டிக்கோ போகும் ஒவ்வொருவருக்கும், வென்றாலும் தோற்றாலும், போட்டி முடிந்து இரண்டு நாளுக்குள் ஒரு முழுச் செய்தி. அவர் பயிற்சியாளரிடம் பேசி எழுதியதாக இருக்கட்டும்.

மாநில அளவில் ஆடிய முன்னாள் வீரர்களும் தேர்வு பெற்ற நடுவர்களும் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். விளையாட்டுக்கு இருவர் வீதம் அவர்கள் எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விவாத நிகழ்ச்சிக்கு ஆள் கூப்பிடும்போது முதலில் அந்தப் பட்டியலைப் பாருங்கள். நான்கு நாற்காலியில் ஒன்றிலாவது அந்த விளையாட்டை ஆடியவர் உட்காரட்டும்.

ஆதாரம் இல்லாமல் சதி என்று தலைப்பு வைப்பதை நிறுத்துங்கள். புகார் இருந்தால் யார், எதைப் பற்றி, யாரிடம் கொடுத்தார்கள் என்று எழுதுங்கள்.

தவறாக வந்த விதிக்குத் திருத்தம் போடுங்கள், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில். முதல் திருத்தமாக, ஆட்டம் முடிந்த பிறகு காயம் என்று சொல்லியிருந்தாலும் வினேஷுக்கு வெள்ளி கிடைத்திருக்காது என்பதைப் போடலாம்.

இப்படிக்கு,
ஒரு விளையாட்டு ரசிகன்